புல்வெளிக்கு எதற்கு 15 ஆண்டுத் திட்டம்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் தேசியப் புல்வெளிகள் என்று அரசு நிலங்கள் இருக்கின்றன. அவற்றின் மேலாண்மைத் திட்டத்தை 15 ஆண்டுக்கு ஒரு முறை திருத்த வேண்டுமாம், அந்தத் திருத்தத்துக்கே பல ஆண்டுகள் ஆகிறதாம். புல் முளைக்கிறது, மாடு மேய்கிறது. இதில் திருத்த என்ன இருக்கிறது? நிலம் கெட்டால் மாட்டைக் குறைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?"

கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். மாட்டைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். கொலராடோவில் உள்ள பானி புல்வெளியில் மௌண்டன் பிளவர் என்று ஒரு பறவை இருக்கிறது. உப்புக்கொத்தி இனம். பெயரில்தான் மலை, வாழ்வது சமவெளியில். அது முட்டையிடுவது ஏறக்குறைய மொட்டைத் தரையில். மாடு நன்றாக மேய்ந்த இடம், தீ வைத்து எரித்த இடம், பிரெய்ரி நாய் என்ற தரை அணில் வளை தோண்டிய இடம் என்று தேடிப்போய் முட்டையிடும். இந்தப் புல்வெளிகளைப் பார்த்துக்கொள்வது அமெரிக்க வனத்துறை. அதே வனத்துறை வடக்கு டகோட்டாவில் வைத்திருக்கும் ஷயேன் புல்வெளிக்குப் போங்கள். அங்கே தரையில் கூடு வைக்கும் பிரெய்ரி கோழிக்குப் போன வருடத்துப் புல் நின்றபடியே காய்ந்து, மறைவாக இருக்க வேண்டும். மாட்டைக் குறைத்தால் ஒருத்திக்குக் கொண்டாட்டம், இன்னொருத்திக்கு வீடு போச்சு. ஆக, எந்த இடத்தில் புல் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும், அதை யார் தீர்மானிப்பது என்பதுதான் திட்டத் திருத்தத்தின் உள்ளே நடக்கும் சண்டை. மற்ற ஆயிரம் பக்கமும் அதைச் சுற்றித்தான்.

இந்த நிலங்கள் அரசின் கைக்கு வந்த விதத்தைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. 1862-இல் வந்த குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை குறைந்த மேற்குச் சமவெளிக்கு அது போதாது என்று 1909-இல் 320 ஏக்கராக்கினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை. புல்லைப் பிரட்டிப் போட்டு உழுதார்கள். 1930-களில் மழை பொய்த்ததும் மண் கிளம்பிவிட்டது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி எழுந்த புழுதிப் புயலுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். நொடித்துப்போன விவசாயிகளிடமிருந்து அரசு நிலத்தை விலைக்கு வாங்கியது. மொத்தம் ஒரு கோடி ஏக்கருக்கு மேல். 1937-இல் வந்த பேங்க்ஹெட்-ஜோன்ஸ் சட்டம் இந்தக் கொள்முதலுக்கு நிலையான அடித்தளம் போட்டது. பிறகு மண் பாதுகாப்புத் துறை பார்த்துக்கொண்டது. 1954-இல் நிலம் வனத்துறைக்கு மாறியது. 1960-இல் அதில் சுமார் 38 லட்சம் ஏக்கருக்குத் 'தேசியப் புல்வெளி' என்று பெயர் வைத்தார்கள். இன்று மொத்தம் 20 புல்வெளிகள். பெரியது வடக்கு டகோட்டாவின் லிட்டில் மிசௌரி, அது மட்டுமே 10 லட்சம் ஏக்கருக்கு மேல்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள், இன்றைய தலைவலிகளில் பாதி அதில்தான் இருக்கிறது. விற்க முன்வந்தவரிடம் மட்டும் வாங்கியதால் வரைபடத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். ஒரு கட்டம் அரசுடையது, அடுத்தது தனியாருடையது. மாட்டுக்கும் பிரெய்ரி நாய்க்கும் அந்தக் கோடு தெரியாது. லிட்டில் மிசௌரி பக்கம் நிலத்தை விற்றவர்களில் பலர் அடியிலிருக்கும் கனிம உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பிறகு பாக்கன் பாறைப்படிவில் எண்ணெய் எடுக்கும் வேகம் கூடியபோது, மேலே புல் அரசுடையது, கீழே எண்ணெய் வேறொருவருடையது என்ற நிலை. அந்த எண்ணெயை எடுக்கக்கூடாது என்று திட்டத்தில் எழுத முடியாது; பாதை எங்கே போடலாம், எப்படிப் போடலாம் என்பதற்குத்தான் ஓரளவு நிபந்தனை வைக்க முடியும். அப்புறம், பறக்கிற மண்ணைப் பிடித்து நிறுத்த அன்று அவசரத்துக்கு விதைத்தது ஆசியப் புல்வெளிகளிலிருந்து கொண்டுவந்த கிரெஸ்டட் வீட்கிராஸ். அது மண்ணைப் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் வந்த விருந்தாளி வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட கதையாக, பல இடங்களில் உள்ளூர்ப் புல்லை உள்ளே விடாமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

15 ஆண்டுக் கணக்கு 1976-இல் வந்த தேசிய வன மேலாண்மைச் சட்டத்திலிருந்து வருகிறது. நிலைமை பெரிதாக மாறினால் அதற்கு முன்பே, எப்படியும் 15 ஆண்டுக்குள் ஒரு தடவையாவது திருத்த வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பல திட்டங்கள் இந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன. காலம் கடந்த ஒரே காரணத்துக்காகச் சட்டமீறல் ஆகிவிடாது என்று நாடாளுமன்றமே நிதிச் சட்டங்களில் ஒரு வரி சேர்த்துக் காப்பாற்றி வந்திருக்கிறது. சட்டத்தின் பெயரைக் கவனித்தீர்களா, 'வன'. மரம் வெட்டுவதை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். அதனால் பல புல்வெளிகள் பக்கத்துக் காட்டின் திட்டத்துக்குள் ஒரு அத்தியாயமாகச் சுருங்கிக் கிடந்தன. நியூ மெக்சிகோவின் சிபோலா காடு தன் பொறுப்பிலிருந்த கயோவா, ரீட்டா பிளாங்கா, பிளாக் கெட்டில், மெக்லெல்லன் கிரீக் புல்வெளிகளுக்குத் தனியாக ஒரு திட்டம் போட்டது 2012-இல்தான். காட்டு அலுவலகத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் புல்லுக்குத் தனித் திட்டம் கேட்பது பேராசை இல்லை என்பது என் கருத்து.

2012-இல் வந்த திட்டமிடல் விதியின்படி வேலை மூன்று கட்டம்: முதலில் நிலத்தின் இன்றைய நிலையை மதிப்பிடுவது, அப்புறம் திட்டத்தை எழுதித் திருத்துவது, அதன்பின் கண்காணிப்பது. மதிப்பீட்டில் மட்டும் 15 தலைப்புகளைப் பார்க்க வேண்டும். இடையில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, அழியும் உயிரினங்களுக்காக வனவிலங்குத் துறையுடன் கலந்தாய்வு, பழங்குடி அரசுகளுடன் கலந்தாய்வு, மக்கள் கருத்துக்கேட்பு, கடைசியில் ஆட்சேபம் கேட்கும் சுற்று. ஏன் பல ஆண்டு ஆகிறது என்பதற்கு இதுவே போதுமான பதில்.

ஆனால் ஒரு திட்டம் தேறுமா தேறாதா என்பது இந்தச் சுற்றுகளில் இல்லை, உள்ளே எழுதும் வாக்கியங்களில் இருக்கிறது. விதி சில வகை வாக்கியங்களை வரையறுக்கிறது. 'விரும்பும் நிலை' என்பது நிலம் எப்படி இருக்க வேண்டும் என்ற சித்திரம். அதற்குத் தேதி கிடையாது. 'இலக்கு' என்றால் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், காலக்கெடுவும் வேண்டும், கைக்கு வரக்கூடிய பணத்துக்குள்ளும் இருக்க வேண்டும். 'கட்டாய விதி' மீறக்கூடாதது. 'வழிகாட்டு நெறி' கொஞ்சம் விலகலாம், நோக்கம் நிறைவேறினால் சரி. இன்ன நிலத்தில் இன்ன வேலைக்கு இடமுண்டு, இன்னதற்கு இல்லை என்று சொல்லும் 'தகுதி' வரிகளும் உண்டு. பழைய திட்டத்தில் கட்டாய விதியாக இருந்த ஒரு வரி புதிய வரைவில் வழிகாட்டு நெறியாக இடம் மாறியிருக்கும். சொற்கள் ஏறக்குறைய அதேதான், பக்கத் தலைப்பு மட்டும் வேறு. பத்திரிகைச் செய்தியில் இது வராது. வரைவு வெளியானதும் நான் முதலில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த இடமாற்றங்களைத்தான் தேடுவேன். அலுப்பான வேலை. இரண்டு நிற பென்சிலும் நிறைய காப்பியும் வேண்டும்.

'விரும்பும் நிலை'யில் நடக்கும் இன்னொரு தந்திரம், "ஆரோக்கியமான, தாக்குப்பிடிக்கும் புல்வெளி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது. யார்தான் வேண்டாம் என்பார்கள்? மாடு வளர்ப்பவரும் கையெழுத்துப் போடுவார், பறவை ஆர்வலரும் போடுவார். அளந்து பார்க்க அதில் எதுவும் இல்லை. முன்னேறினோமா இல்லையா என்று சொல்லும் அளவுக்காவது விரும்பும் நிலை குறிப்பாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

சரி, புல்வெளியை எப்படி அளப்பது? இதற்கென்று ஒரு கம்பு இருக்கிறது. ரோபெல் கம்பு என்பார்கள். கான்சாஸில் ஆய்வு செய்தவர்கள் 1970-இல் எழுதிவைத்த முறை. கம்பில் பட்டை பட்டையாகக் குறியிட்டிருக்கும். ஒருவர் அதைத் தரையில் நிறுத்திப் பிடிக்க, இன்னொருவர் 4 மீட்டர் தள்ளிப் போய், கண் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். புல் மறைக்காமல் கண்ணில் படும் மிகக் கீழ்ப்பட்டை எதுவோ அதுதான் எண். நான்கு திசையிலிருந்தும் பார்த்துச் சராசரி எடுத்து, சில அடி நகர்ந்து மறுபடி முதலிலிருந்து. தூரத்துக்கு 4 மீட்டர் கயிற்றைக் கம்பிலேயே கட்டிவைத்துக்கொள்வது வழக்கம். அந்த ஊர்க் காற்றில் கயிறு ஒரு பக்கம் இழுக்கும், புல் ஒரு பக்கம் சாயும், காற்று கொஞ்சம் ஓயட்டும் என்று முழங்காலில் காத்திருக்க வேண்டும். எந்த உயரத்துக்குப் புல் நிற்கிறது என்பதைவிட, அது எவ்வளவு மறைக்கிறது என்பதை இந்த எண் சொல்கிறது. முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு வேண்டியதும் அதுதான்.

முக்கியமான அளவை, மாட்டை நிலத்திலிருந்து வெளியே ஓட்டிய பிறகு, இலையுதிர் காலத்தில் எடுக்கிறார்கள். காரணம் எளிது. பிரெய்ரி கோழி வசந்த காலத்தில், புதுப்புல் எழும்புவதற்கு முன்பே கூடு வைத்துவிடும். அப்போது அதற்குக் கிடைக்கும் மறைவு போன வருடம் மாடு தின்றது போக மீந்த காய்ந்த புல் மட்டுமே. ஆக இந்த வருட மேய்ச்சல் அடுத்த வருடக் குஞ்சுகளைத் தீர்மானிக்கிறது.

இங்கேதான் திட்டத்தின் வாக்கியம் கவனமாக இருக்க வேண்டும். "சராசரி மறைப்பு 5 அங்குலம்" என்று எழுதினால் என்ன ஆகும்? பாதி நிலம் 2 அங்குலமும் மீதி 8 அங்குலமும் இருந்தாலும் சராசரி 5. முழு நிலமும் புல்வெட்டி ஓட்டியது போல 5-ஆக இருந்தாலும் சராசரி 5. முதல் நிலத்தில் குட்டைப்புல் பறவைக்கும் இடமுண்டு, கோழிக்கும் இடமுண்டு. இரண்டாவது நிலத்தில் இருவருக்குமே சிரமம். அதனால் உயர்ந்தது இத்தனை சதவீதம், நடுத்தரம் இத்தனை, குட்டை இத்தனை என்று பங்கிட்டு எழுதுவதுதான் நல்ல முறை. 2000-களின் தொடக்கத்தில் வடக்குச் சமவெளிக்கு எழுதிய திட்டங்கள் இந்தப் பாதையில்தான் போயின. எல்லா வயலையும் ஒரே அளவாக மேய்க்கும் பழக்கம் பல தலைமுறையாக வந்தது. 'பாதி தின்னட்டும், பாதி நிற்கட்டும்' என்பது அங்கே பழமொழி மாதிரி. அதை ஒரே வாக்கியத்தில் மாற்ற முடியுமா என்றால், முடியவில்லை. டகோட்டா பிரெய்ரி புல்வெளிகளின் திட்டம் 2002-இல் முடிவானபோது மேய்ச்சல் பகுதியை மட்டும் அந்த முடிவில் சேர்க்காமல் தள்ளிவைத்தார்கள். சில மேய்ச்சல் பிரிவுகளில் இந்த அளவுகள் தரையில் நடக்குமா என்று மாதிரித் திட்டம் போட்டுப் பார்த்து, வெளியிலிருந்து ஒரு அறிவியல் குழு அதைப் பரிசீலித்து, அந்த முடிவு 2006-இல்தான் வந்தது. தாமதம் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அது கௌரவமான தாமதமாகவே பட்டது. புல் தர முடியாத உயரத்தைக் காகிதத்தில் எழுதி, பிறகு வருடா வருடம் தோற்றோம் என்று அறிக்கை கொடுப்பதைவிட இது மேல்.

இன்னொரு வகைச் சிக்கல், எண்ணை எழுதிய பிறகு இயற்கை அதை மதிக்காமல் போவது. பிரெய்ரி நாய் என்பது நாயில்லை, கூட்டமாக வளை தோண்டி வாழும் தரை அணில். மாடு வளர்ப்பவருக்கு அது புல்லைத் தின்னும் போட்டி. கருங்கால் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்குக்கோ அதுதான் சோறு, அதன் வளைதான் வீடு. ஃபெரெட் அழிந்தே போனது என்று நினைத்திருந்த காலத்தில், 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. அங்கே மிஞ்சியிருந்த 18-ஐப் பிடித்து இனப்பெருக்கம் செய்துதான் மறுபடி வெளியே விட்டார்கள். விட்ட இடங்களில் நன்றாகத் தழைத்தது தெற்கு டகோட்டாவின் பஃபலோ கேப் புல்வெளிக்குள் இருக்கும் கொனாட்டா பேசின். 2008-இல் அங்கே பிளேக் வந்தது. எலிகளுக்கு வருகிற அதே பிளேக்தான், தெள்ளுப்பூச்சி பரப்புவது. அமெரிக்காவுக்கே அது 1900 வாக்கில் கப்பல் வழியாக வந்த நோய் என்பதால், பிரெய்ரி நாய்க்கு அதை எதிர்க்கும் சக்தி கிடையாது. ஒரு வளைக்கூட்டம் சில வாரங்களுக்குள் காலியாகிவிடும்.

வயோமிங்கின் தண்டர் பேசின் புல்வெளியில் இதே கதை வேறு வரிசையில் நடந்தது. பிரெய்ரி நாய் பெருகிப் பெருகிப் பக்கத்துத் தனியார் நிலங்களுக்குள் இறங்கியது, சண்டை முற்றியது, திட்டத்தை மாற்றும் பேச்சு சூடானது. 2017-இல் பிளேக் வந்து கூட்டங்கள் சரிந்தன. அதன்பின் 2020 கடைசியில் முடிவான திருத்தம், ஃபெரெட்டை மீண்டும் விடுவதற்கென்று ஒதுக்கிய பிரிவை எடுத்துவிட்டு, குட்டைப்புல்லை முதன்மையாக்கும் பிரிவாக மாற்றியது. பிரெய்ரி நாய்க்கு 10,000 ஏக்கர் என்று இலக்கு வைத்தது, தனியார் எல்லையோரம் கட்டுப்படுத்த வழி விட்டது. சிலர் இதை நடைமுறைக்கு உகந்த சமரசம் என்கிறார்கள், சிலர் ஃபெரெட்டைக் கைவிட்ட கதை என்கிறார்கள். என் குறை வேறு. பத்தே ஆண்டில் பல மடங்கு ஏறி, ஒரே கோடையில் தரைமட்டமாகும் ஒன்றுக்கு ஒற்றை எண் போதாது. கூடினால் என்ன செய்வோம், குறைந்தால் என்ன நிறுத்துவோம், பிளேக் வந்தால் வளைக்குள் தெள்ளுப்பூச்சி மருந்தைத் தூவ யார் எப்போது போவார் என்பதெல்லாம் திட்டத்திலேயே முன்கூட்டி இருக்க வேண்டும். வறட்சிக்கும் இப்படித்தான். மழையில்லாத வருடத்தில் எந்த மாதத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்போம் என்று முதலிலேயே பேசி வைக்காவிட்டால், ஜூலையில் மாட்டை வெளியே ஓட்டச் சொல்லும் அதிகாரிதான் ஊருக்கு வில்லன்.

15 ஆண்டில் அப்படி என்ன மாறிவிடும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். வடக்குச் சமவெளியில் கென்டக்கி புளூகிராஸ், பெயர் அப்படி இருந்தாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த புல், சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருக்கிறது. மேயாமல், எரியாமல் சும்மா விட்ட நிலத்தில்தான் அது இன்னும் தைரியமாகப் படர்கிறது. காய்ந்த தாள் மெத்தை போல் அடைந்து மற்ற விதைகளை எழவிடாது. மாட்டை முழுக்க எடுத்துவிட்டால் நிலம் தானாகத் தேறும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு தெரியவில்லை. லீஃபி ஸ்பர்ஜ் என்ற பால்செடி வேறு. மாடு வாய் வைக்காது, ஆடு தின்னும். அதற்கு ஐரோப்பாவிலிருந்து சிறு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பல இடத்தில் பலனும் கிடைத்தது. தெற்கே போனால் தீயை அணைத்து அணைத்தே புல்வெளிக்குள் செடார் மரங்களை வளர்த்துவிட்டோம்.

கண்காணிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் திட்டங்களிலும் அது சுருக்கமாகத்தான் இருக்கும். 2 ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டு அறிக்கை வர வேண்டும். வருவதைப் படித்தால் "தரவு சேகரிக்கப்படவில்லை" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். கம்பைப் பிடிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். 40 விஷயத்தை அளப்பதாக எழுதி எதையும் அளக்காமல் இருப்பதைவிட, ஆறை எழுதி ஆறையும் அளப்பது நல்லது என்று நான் எழுதிக்கொடுத்த கருத்து ஒன்று, "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற பதிலோடு பிற்சேர்க்கையில் தூங்குகிறது.

கருத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தச் சுற்றில் நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ கலந்துகொள்வதாக இருந்தால், ஆயிரம் பேர் ஒரே மாதிரி அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்த வேண்டாம். அவற்றை ஒரே கருத்தாகச் சேர்த்து ஒரே பதில் சொல்லிவிடுவார்கள். "இத்தனையாம் பக்கத்தில் இந்த வரி வழிகாட்டு நெறியாக இருக்கிறது, கட்டாய விதியாக வேண்டும், காரணம் இது" என்று ஒரே ஒரு பத்தி எழுதினாலும் அதற்குத் தனிப் பதில் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று: முந்தைய சுற்றில் முறைப்படி கருத்துப் பதிந்தவருக்குத்தான் கடைசியில் ஆட்சேபம் எழுப்பும் உரிமை. ஆட்சேபமும் பொதுவாக, அவர் முன்பே சொன்ன விஷயத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் கதவு மூடியபின் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாக: மாட்டைக் குறைப்பதை இந்தத் திட்டம் செய்வதில்லை. புதிய திட்டத்தில் கையெழுத்தான மறுநாள் காலை எந்த வயலிலும் ஒரு மாடுகூடக் குறைந்திருக்காது. மாட்டுக் கணக்கு இருப்பது அதற்குக் கீழே, மேய்ச்சல் உரிமத்திலும், ஒவ்வொரு மேய்ச்சல் பிரிவுக்கும் தனியாகப் போடும் திட்டத்திலும், மாட்டை மேய்ச்சலுக்கு உள்ளே விடும் முன் வருடா வருடம் கொடுக்கும் அறிவுரைக் கடிதத்திலும். டகோட்டா பக்கம் மேய்ச்சல் சங்கங்களோடு போடும் ஒப்பந்தங்களிலும். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் தின்னும் தீவனம் ஒரு அலகு. எத்தனை அலகு, எந்தத் தேதி மாட்டை உள்ளே விடுவது, எந்தத் தேதி வெளியே ஓட்டுவது என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கும். மேலே உள்ள திட்டத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அவற்றுக்குள்ள கட்டுப்பாடு. ஒரு திருத்தம் நிஜமாகவே தரைக்கு வந்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஏதாவது ஒரு மேய்ச்சல் பிரிவை எடுத்துக்கொண்டு, திட்டம் வருவதற்கு முந்தைய வருடக் கடிதத்தையும் 5 வருடம் கழித்து வந்த கடிதத்தையும் கேட்டு வாங்கி, உள்ளே விடும் தேதியும் வெளியே ஓட்டும் தேதியும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.